கலர் ரூம் தராசக்கா

பிளாஸ்டிக் கம்பெனியில் அவளை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. கலர்ப் பொடியைக் கரண்டியில் அள்ளித் தட்டில் கொட்டும்போதே எடையை வாயால் சொல்லிவிடுவாள். மின் தராசு ஒரு நொடி யோசித்துவிட்டு அதே எண்ணைக் காட்டும். புதிதாக வந்த சூப்பர்வைசர் இதை நம்பாமல், தராசின் முகத்தைத் துணி போட்டு மூடிவிட்டு ஐந்து தடவை இருநூறு கிராம் அள்ளச் சொன்னார். ஐந்து தடவையும் இரண்டு கிராமுக்கு மேல் பிசகவில்லை. "நீ இருக்கும்போது இந்த மிஷினத் தண்டத்துக்கு வாங்கி வச்சிருக்காங்கம்மா" என்றார் அவர். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் பதினோரு வருஷமாக உரியவில்லை.

கலர் ரூம் என்பது கம்பெனியின் கடைக்கோடியில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. ஒரு கதவு, ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், சுவரோரம் அடுக்கிய காகித மூட்டைகள். வாளி, நாற்காலி, குழாய், பொம்மை எதுவாக இருந்தாலும் அதற்கான பிளாஸ்டிக் குருணை கண்ணாடிச் சில்லு மாதிரி நிறமே இல்லாமல்தான் வந்து இறங்கும். அதற்கு நிறம் கொடுப்பது இந்த அறை. மூட்டையை வெட்டி, பொடியை அள்ளி, நிறுத்து, சின்னக் கவர்களில் கட்டி வைக்க வேண்டும். ஒரு டிரம் குருணைக்கு ஒரு கவர். டிரம்மில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பொடியைக் கொட்டி, கால் மணி நேரம் உருட்டினால் குருணை முழுக்க நிறம் ஏறிவிடும்.

அந்தப் பொடி மாவைவிட மெலிசு. மூட்டையின் வாயைத் திறந்தாலே யாரோ உள்ளேயிருந்து பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு புகை எழும்பும். எழும்பியது லேசில் கீழே இறங்காது. கதவிடுக்கில் வெயில் விழும் நேரத்தில் பார்த்தால், அறையின் காற்றே நிறமாக நிற்கும். அங்கே வேலை செய்த நான்கு பெண்களும் நாட்களைக் கிழமை சொல்லி நினைவு வைத்ததில்லை. கறுப்பு நாள், நீல நாள், மஞ்சள் நாள் என்றுதான் பேச்சு. கறுப்பு நாளில் மூக்கைச் சிந்தினால் மை வரும். "நான் துப்புறதப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரரு, இன்னிக்குக் கம்பெனியில என்ன ஆர்டர்னு தெரிஞ்சுக்குவாரு" என்பாள் நெட்டை. நெட்டை என்றால் தராசக்காவுக்கு எதிர் மேசைக்காரி. வாசல் நிலையில் தலை இடிக்காமல் நுழையத் தெரியாதவள்.

சுத்தம் என்று வந்துவிட்டால் தராசக்காவிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கரண்டி, தனித் துணி, தனி ஆணி. மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாற வேண்டுமானால் தரையைக் கூட்டி, மேசையைத் துடைத்து, ஏர் பைப்பால் மூலை முடுக்கெல்லாம் ஊதித் தள்ளிய பிறகுதான் வெள்ளை மூட்டையைத் தொட விடுவாள். ஒருமுறை ஒரு சிட்டிகை கறுப்பு வெள்ளையில் விழுந்து, நானூறு நாற்காலிகள் அம்மை போட்ட முகத்தோடு வெளியே வந்தன. அது அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் நடந்தது. அவள் வந்த பிறகு அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஷிப்ட் முடிந்ததும் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏர் பைப்பைத் திருப்பிக்கொள்வார்கள். "கண்ண மூடுக்கா!" என்று நெட்டை கத்துவாள். புஸ்ஸென்று காற்று அடிக்கும். சட்டையிலும் தலையிலும் இருந்த பொடி மேகமாகக் கிளம்பி எல்லோர் மேலும் திரும்ப இறங்கும். கண்ணுக்குத் தெரிந்த நிறம் போய்விட்டால் சுத்தம் என்று கணக்கு. துணி மாஸ்க் கொடுத்திருந்தார்கள். அது பெரும்பாலும் தாடைக்குக் கீழே ஊஞ்சலாடியது. மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டும், பேசவும் முடியாது.

மஞ்சள், ஆரஞ்சு மூட்டைகளில் மட்டும் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு படம் உண்டு. மனிதனின் தலையும் நெஞ்சும். நெஞ்சில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு. பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதியிருக்கும். அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழி அதில் இல்லை. அந்தப் படத்துக்கு அவர்கள் வைத்த பெயர் காதல் தோல்வி. "அக்கா, காதல் தோல்வியில ரெண்டு மூட்டை பிரிக்கவா?" என்று கேட்டுவிட்டு நெட்டை தானே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தராசக்காவின் வீடு ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இரண்டு அறை. புருஷன் தையல்காரர். ஜன்னலோரம் மெஷினைப் போட்டு வீட்டிலேயே தைப்பார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தையைப் பகலெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். குழந்தைக்கு வாயாடி என்று பெயர். இரண்டு வயதிலேயே வாய் ஓயாது. "அப்பா, பொத்தானுக்கு ஏன் கண்ணு நாலு?" "நூலுக்கு வலிக்காதா?" "அம்மா இப்ப எங்க இருக்கா, இப்ப, இப்ப?" தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்து முடித்த பிறகும் அவளோடு பேசுவதற்காகவே உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டதும் வாயாடி ஓடிவந்து இடுப்பில் ஏறிக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அப்புறம்தான் மற்றதெல்லாம். தூங்கும்போது அம்மாவின் கூந்தல் நுனியைக் கையில் சுற்றி, வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்குவாள். கூந்தல் அடர்த்தியாக, இடுப்புக்குக் கீழே தொங்கும். தலைக்குக் குளிப்பது வாரம் ஒருமுறை. வேலைக்கென்று தையல்காரர் தைத்துக் கொடுத்த முரட்டு மேல்சட்டையும் வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வரும். ஊறப் போடுவதற்கு முன்னால் அவர் அதை ஜன்னலருகே நின்று நன்றாக உதறுவார்.

குழந்தைக்கு மூன்றரை வயதாகும்போது வயிற்றுவலி ஆரம்பித்தது. பூச்சி என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். பூச்சி ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. டானிக் வாங்கிக் கொடுத்தார்கள். சமதரையில் நடக்கும்போதே கால் தடுக்கியது. எந்த நாளில் கேள்வி கேட்பதை நிறுத்தினாள் என்று பின்னால் யோசித்துப் பார்த்தபோது இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மெஷின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "பரவால்லியே, வளர வளர சமத்தாயிட்டா" என்றார். அதைக் கேட்டுத் தராசக்காவுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அந்த மகிழ்ச்சியைப் பின்னால் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். தையல்காரர் ஒரு கால்சட்டைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். காலடியில் ஏதோ தட் தட்டென்று தரையை அடித்தது. குனிந்து பார்த்தால் குழந்தையின் குதிகால். கண் மேலே சொருகி, பல் கிட்டி, உடம்பு வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுத்தது. கால்சட்டை மெஷின் ஊசியில் மாட்டியபடியே கிடக்க, அவர் குழந்தையை அள்ளிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கம்பெனியில் அன்று ஆரஞ்சு நாள். சூப்பர்வைசர் போனைக் கொண்டுவந்து கொடுத்ததும் தராசக்கா கரண்டியைப் போட்டது போட்டபடி கிளம்பினாள். ஏர் பைப்பெல்லாம் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டுக்குள் அவள் நுழைந்தபோது புருவம் வரை ஆரஞ்சாக இருந்தாள்.

கட்டிலருகே நின்றிருந்த டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான் அம்மாவா?"

"ஆமா டாக்டர். என் பொண்ணுக்கு என்னாச்சு?"

டாக்டரம்மா குழந்தையை விட்டுவிட்டு அவளுடைய கையையும் கழுத்தையும் தலைமுடியையும் பார்த்தார்.

"உங்க மேல இருக்கிறது என்ன?"

"கலர்ப் பொடி டாக்டர். பிளாஸ்டிக் கம்பெனியில நிறுத்துக் குடுக்கற வேலை. போன் வந்ததும் அப்படியே ஓடி வந்துட்டேன்."

"தினமும் இப்படியேதான் வீட்டுக்குப் போவீங்களா?"

"ஐயோ, இல்ல டாக்டர். தினமும் ஏர் அடிச்சு, சுத்தமாத்தான் போவேன்."

அவள் குழந்தையைத் தூக்கக் குனிந்தாள். டாக்டரம்மா குறுக்கே கையை நீட்டினார். "தொடாதீங்க. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மொதல்ல தலையோட குளிச்சிட்டு, இங்க குடுக்கற துணிய மாத்திக்கிட்டு வாங்க. உங்க துணிய ஒரு கவர்ல போட்டுக் கட்டிக் குடுத்துடுங்க. உதறாதீங்க."

நர்ஸ் காட்டிய குளியலறையில் அவள் நின்றாள். தலையில் ஊற்றிய தண்ணீர் காலடியில் ஆரஞ்சாக ஓடியது. மூன்றாவது வாளிக்குத்தான் தெளிந்தது. பெற்ற பிள்ளையைத் தொடாதே என்று ஒருத்தர் சொல்லிவிட்டார் என்பதைத் தவிர அந்த நேரத்தில் அவளுக்கு எதுவும் மூளையில் ஏறவில்லை.

குழந்தையின் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முனையில் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி வெள்ளையாக ஒரு வரி தெரிந்தது. இரத்தம் எடுத்தார்கள், குழந்தைக்கும் அவளுக்கும். மூட்டையின் லேபிளைக் கொண்டுவரச் சொன்னார்கள். நெட்டையிடம் சொல்லி உரித்துக் கொண்டுவரச் செய்தாள். டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"இதுல ஈயம் இருக்கும்மா. மஞ்சள்ல, ஆரஞ்சுல, ரெண்டுலயும்."

"ஈயம்னா கனமால்ல இருக்கும் டாக்டர்? இது ஊதினாப் பறக்குமே."

"பறக்கறதுனாலதான் ஆபத்து. உங்க தலையில, துணியில, செருப்புல ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கு. குழந்தை தரையில கைய வைக்கும், வாயில வைக்கும். கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயி மூளையில ஏறியிருக்கு." அவர் லேபிளில் விரலை வைத்துக் காட்டினார். "இங்கயே போட்டிருக்கான் பாருங்க. வயித்துல இருக்கற குழந்தைக்குக் கெடுதல், தூசிய சுவாசிக்காதேன்னு. இந்தப் படம் அதுக்குத்தான்."

தராசக்கா காதல் தோல்விக்காரனைப் பார்த்தாள். பதினோரு வருஷம் தினமும் பார்த்த முகம்.

குழந்தையின் இரத்தத்தில் எழுபத்தொன்று என்றார்கள். அவளுக்கு நாற்பத்தாறு. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டுமாம்.

"எழுபத்தொண்ணுன்னா, கிராமா டாக்டர்?" என்று கேட்டாள். எண் என்று வந்தால் அவளுக்கு எடைதான் தெரியும்.

"கிராமெல்லாம் இல்லம்மா. ஒரு கிராமப் பத்து லட்சம் பங்கா போட்டு, அதுல எழுபத்தொரு பங்கு. அரை டம்ளர் ரத்தத்துல அவ்வளவுதான் இருக்கு."

அவள் தன் கையைப் பார்த்தாள். இரண்டு கிராம் பிசகினால் போதும், அன்று முழுக்க வருத்தப்பட்ட கை அது. பத்து லட்சத்தில் ஒரு பங்கை எந்தத் தராசில் வைத்துப் பார்த்திருப்பாள்?

குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தையல்காரர் நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அந்தச் சட்டைய உதறினது நான்தான்."

"கொண்டு வந்தது நானு" என்றாள் அவள்.

"ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டி உதறியிருக்கலாம். கீழ்வீட்டுல காயப்போட்ட துணி அழுக்காயிடுமேன்னு உள்ள நின்னு உதறினேன். அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

இருவரும் குற்றத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். யார் எடுத்துக்கொண்டாலும் மற்றவருக்குப் பாரம் குறையவில்லை.

குழந்தைக்கு ஊசியும் மாத்திரையுமாக மருந்து போனது. அது ஈயத்தைப் பிடித்து மூத்திரத்தில் இறக்குமாம். குழந்தை திரும்பி வருவதற்குள் வீட்டைக் கழுவி வைக்கச் சொன்னார்கள். கூட்டக் கூடாது, தட்டக் கூடாது. எல்லாவற்றையும் ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துணியை அவ்வப்போது அலச வேண்டும். அவள் முட்டி போட்டுத் துடைத்தாள். பதினோரு வருஷம் மேசையைத் துடைத்தவளுக்குத் துடைக்கத் தெரியாதா? ஆனால் இங்கே துணி வெள்ளையாகவே வரவில்லை. மெஷினின் அடியில், நூல் கண்டு வைக்கும் டப்பாவின் மூடியிடுக்கில், கதவின் தாழ்ப்பாளில், தலையணையின் தையலில் என்று எங்கே ஒற்றினாலும் லேசாக ஒரு மஞ்சள் வந்தது. தலையணைகளை எடுத்துக் கவரில் கட்டி எறிந்தார்கள்.

எல்லாம் முடிந்து அவள் புருஷன் எதிரே வந்து, முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வெட்டுங்க."

"டாக்டர் நல்லாத் தேச்சுக் குளிச்சாப் போதும்னுதானே சொன்னாங்க?"

"வெட்டுங்கன்னு சொல்றேன்ல."

அவருடைய பெரிய கத்தரிக்கோல் துணியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தரமாட்டார். முனை மழுங்கிவிடும் என்பார். அதை எடுத்து, கழுத்தோடு சேர்த்து, ஒரே நேர்கோட்டில் வெட்டினார். தடித்த பின்னல் லேசில் அறுபடவில்லை. நாலைந்து தடவை கத்தரிக்கோலை அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவருடைய மூச்சு அவள் கழுத்தில் பட்டது. வெட்டிய பின்னலைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டார்.

மறுநாள் வார்டுக்குப் போனபோது குழந்தை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கையை நீட்டி அவள் தோளில் தடவித் தடவி எதையோ தேடியது. கிடைக்காமல் அழுதது. வாய் விட்டு அழுததே தவிர, என்ன வேண்டும் என்று சொல்ல அதனிடம் வார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு அவள் கம்பெனிக்குப் போனாள். சூப்பர்வைசர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவர் இல்லை, அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

"மாஸ்க் குடுத்தோமேம்மா?"

"குடுத்தீங்க சார். துணி மாஸ்க். பொடி அதுல புகுந்து வரும். மாஸ்க்க கழட்டிப் பாத்தா உள்பக்கமும் மஞ்சளா இருக்கும்."

"ஃபேன் இருக்கே?"

"ஃபேன் சுவத்துல இருக்கு சார், பொடி மேசையில பறக்குது. நம்ம மூக்கத் தாண்டித்தான் ஃபேனுக்குப் போகுது. தராசுக்குப் பக்கத்துலயே உறிஞ்சற மாதிரி வச்சிருந்தா மேல ஏறியிருக்காது. ஏர் அடிக்காதீங்க, ஈரத்துல துடைங்கன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா நாங்க கேட்டிருக்க மாட்டோமா? குளிக்க ஒரு ரூம், துணிய இங்கயே துவைக்க ஒரு ஏற்பாடு, அவ்வளவுதானே சார்? வெள்ளையில கறுப்பு விழக்கூடாதுன்னு ஆயிரம் சட்டம் வச்சிருந்தோம். நம்ம மேல விழக்கூடாதுன்னு ஒண்ணுகூட இல்லையே!"

சூப்பர்வைசர் கடிதத்தை மடித்து, விரித்து, திரும்ப மடித்தார். "மேலே சொல்றேம்மா" என்றார்.

நெட்டை அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. தராசக்கா அவளைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கே போய் ரத்தம் பாரு. இனிமே மஞ்சளத் தொடாத. வேற இடம் கேளு." நெட்டை கையை மெல்ல உருவிக்கொண்டாள். "அக்கா, உங்க பொண்ணுக்கு வந்தது எல்லாருக்கும் வரணுமா? எனக்கு மூத்தவன் நல்லாத்தானே இருக்கான்?" என்றாள். முகத்தில் பயம் இருந்தது. பயந்தவர்கள்தான் ஒன்றுமில்லை என்று அதிகமாக அடம்பிடிப்பார்கள்.

டாக்டரம்மாவும் விடவில்லை, தொழிற்சாலைகளைப் பார்க்கும் அலுவலகத்துக்கு எழுதினார். ஒரு நாள் ஆட்கள் வந்து பெண்களின் சட்டைக் காலரில் சின்னக் குழாயை மாட்டி, இடுப்பில் ஒரு பம்ப்பைக் கட்டி, அவர்கள் சுவாசித்த காற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது: கலர் ரூமைச் சரி செய், இல்லாவிட்டால் மூடு. கம்பெனி இரண்டையும் எடை போட்டுப் பார்த்தது. சரி செய்வதைவிட, ஏற்கெனவே நிறமேற்றிய குருணையாக வாங்கி நேரே மிஷினில் போடுவது சுலபம் என்று முடிவு செய்தது. குருணை பறக்காது, மூக்கில் ஏறாது, நிறுக்கவும் தனி ஆள் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். தராசக்கா அதைத்தான் கேட்டாள் என்றும் சொல்லலாம். அறையைக் கழுவிப் பூட்டினார்கள். இரண்டு பேரைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். தராசக்காவையும் நெட்டையையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நெட்டை மாடி ஏறி வந்து, வாசலிலேயே நின்று கத்தினாள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா என் பிழைப்பாவது ஓடியிருக்கும். உங்க பொண்ணுக்கு வாய் போச்சுன்னா எங்க வாய்ல மண்ணப் போடுவீங்களா?" சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதில் விழுந்த மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஆறு வாரம் கழித்துப் பேக்கிங்கில் இருந்த ஒருத்தி ஒரு செய்தி சொன்னாள். பூட்டிய அறையில் மிச்சமிருந்த மஞ்சள், ஆரஞ்சு மூட்டைகளை ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறைக்குத் தள்ளிவிட்டார்களாம். அங்கே நிறுக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். மூட்டை போன வழியிலேயே நெட்டையும் போய்விட்டாள்.

தராசக்கா தேடிக்கொண்டு போனாள். தகரக் கொட்டகை. ஃபேன்கூட இல்லை. ஒரு பழைய தராசுக்கு முன்னால், எட்டு மாத வயிறு மேசையில் இடிக்க, நெட்டை சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் கண் கலங்கியதா, பொடி விழுந்ததா தெரியவில்லை.

"வந்துடு. என்னோட வந்துடு" என்றாள் தராசக்கா.

"எங்கக்கா வர? நீங்க எங்க இருக்கீங்க?"

அவளும் வேலை இல்லாமல்தான் இருந்தாள். கேட்ட இடத்திலெல்லாம் உடம்பில் ஈயம் என்ற பேச்சு முன்னால் போய் நின்றது. பிறகு தரையில் முட்டி போட்டு, பிரிக்காத ஒரு மூட்டையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சரி, இங்க பாரு. தூக்கித் தட்டிக் கொட்டாத. குறுக்க இப்படி ஒரு கீறல். வாய மெதுவா மடி. கரண்டிய உள்ளயே வச்சு நெரப்பு, மேல தூக்காத. கவர மூட்டைக்குள்ளயே இறக்கி, பொடிய சரிய விடு, மேலயிருந்து கொட்டாத. பாத்தியா, எழும்பவே இல்ல. கூட்டவே கூட்டாத, ஈரத் துணிதான். மூக்குக்குச் சேலை பத்தாது, வடிகட்டி வச்ச மாஸ்க் கேளு, தரலேன்னா நான் டாக்டரம்மாகிட்ட வாங்கித் தர்றேன். இந்தச் சேலைய வீட்டுக்குக் கொண்டு போகாத. குளிச்சு மாத்திக்கிட்டு அப்புறம் மூத்தவனத் தூக்கு. சாப்பிடறதுக்கு முன்னாடி..."

"யாரும்மா அது உள்ள?" பட்டறைக்காரர் வந்துவிட்டார். பழைய கம்பெனியில் பிரச்சினை செய்தவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "கிளம்பு, கிளம்பு. இங்க வந்து பாடம் நடத்தாத" என்று தோளைத் தொடாத குறையாக வெளியே தள்ளினார். வாசலில் திரும்பிப் பார்த்தாள். நெட்டை மூட்டையின் வாயை அவள் காட்டிய மாதிரி மெதுவாக மடித்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்காரர் ஏதோ அதட்டினார். உடனே மூட்டையைத் தூக்கிக் கவிழ்த்தாள். கொட்டகை மஞ்சளாகியது.

அந்தக் கொட்டகையைப் பற்றியும் டாக்டரம்மா எழுதினார். ஆட்கள் போய்ப் பார்த்தபோது பூட்டு தொங்கியது. நெட்டை குடியிருந்த வீட்டிலும் வேறு ஆட்கள் இருந்தார்கள். எந்தக் குழந்தை பிறந்தது, எப்படிப் பிறந்தது என்று தராசக்காவுக்கு இன்றுவரை தெரியாது. பிரசவ வார்டு வாசலில் சில நாள் போய் நின்று பார்த்தாள். எத்தனையோ பேர் கைக்குழந்தையோடு இறங்கிப் போனார்கள். அத்தனை உயரத்தில் யாரும் வரவில்லை.

வாயாடியின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. எழுபத்தொன்று நாற்பதாயிற்று, மருந்தை நிறுத்தியதும் எலும்பிலிருந்து கசிந்து திரும்ப ஐம்பதாயிற்று, மறுபடி மருந்து, முப்பது, இருபது. தராசக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கான வகுப்பில் குழந்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்தரை வயதில் அவளுக்குப் பதினாறு வார்த்தைகள் இருந்தன. அவற்றில் கேள்வி ஒன்றும் இல்லை. வாயாடி என்று கூப்பிடுவதை வீட்டில் இருவரும் சொல்லி வைத்த மாதிரி விட்டுவிட்டார்கள், பாப்பா என்றார்கள்.

இரண்டு வருஷம் முடிந்து போனபோது டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "எட்டு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும். நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

தையல்காரர் கைகூப்பினார். தராசக்கா கேட்டாள்: "ரத்தத்துலயிருந்து போயிடுச்சு. போன பேச்சு எப்ப டாக்டர் திரும்பும்?"

டாக்டரம்மா சிரிப்பை மெல்ல இறக்கி வைத்தார். "பயிற்சி குடுத்தா இன்னும் கொஞ்சம் வரும்மா. முழுசா வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஈயத்த வெளிய எடுக்கலாம். அது செஞ்சுட்டுப் போனத எடுக்க முடியாது."

அவள் தலையாட்டினாள். அது அவளுக்கு முன்பே தெரியும். இன்னொருத்தர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. கேட்டாகிவிட்டது.

வீடு வந்ததும் தையல்காரர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். "எட்டுக்கு வந்துடுச்சுங்க! எழுபத்தொண்ணுலயிருந்து எட்டு! டாக்டரம்மாவே சிரிச்சுட்டாங்க!" பிறகு எதிர்வீட்டில். பிறகு படியில் இறங்கி வந்துகொண்டிருந்த யாரோ ஒருவரிடம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. இரண்டு வருஷமாகக் குனிந்தே கிடந்த முதுகு நிமிர்ந்திருந்தது. அவள் அவரைத் தடுக்கவில்லை. அவருக்காவது அந்தச் சந்தோஷம் கிடைக்கட்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.